பச்சை விளக்கு இல்லாத விமானம்

கல்யாணமாகிப் போன வீட்டில் சக்களத்தி இருந்தால் ஊரே கூடிப் பரிதாபப்படும். இவளுக்கு வாய்த்த சக்களத்தி இரண்டு இன்ஜின் வைத்த சரக்கு விமானம் என்பதால் ஒருவரும் பரிதாபப்படவில்லை. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். படுக்கையறையின் பாதியை அது பிடித்துக்கொண்டது. நிஜ விமானம் இல்லை, கம்ப்யூட்டரில் ஓட்டுவது. நடுவில் பெரிய திரை. வலது பக்கம் விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் ஒரு கைப்பிடி, இடது பக்கம் இன்ஜினுக்கு ஒன்றாக இரண்டு நெம்புகோல்கள், காலடியில் மூக்கை இப்படியும் அப்படியும் திருப்ப இரண்டு மிதிகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்காரர் இருந்த இடத்தை விட்டு அசையாமல் கடல் தாண்டிப் போய் வந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இறக்கிட்டு வரேன்" என்பார். அவர் இறக்குவதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

பகலிலும் அவருக்கு உயரத்தில்தான் பிழைப்பு. பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் நிற்கும் கோபுரக் கிரேனை ஓட்டுபவர் அவர். ஏணியில் ஏறி மேலே உள்ள கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் உச்சாணி. "கிரேன் நின்ன எடத்துலயே சுத்தும், விமானம் அப்படியா?" என்று அவர் தன் பைத்தியத்துக்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். அவளும் அதற்கு மேல் சண்டை போட்டதில்லை. குடிக்காத, சூதாடாத மனுஷன் வீட்டுக்குள்ளேயே பறந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் ரெடிமேட் துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் தைப்பவள். கடையின் பின்புறம், டிரையல் ரூம்களுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில் அவளுடைய மெஷின். நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, அக்குளைத் தளர்த்துவது என்று நாள் முழுக்க அடுத்தவர் உடம்புதான் அவள் கையில். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. போன வருஷம் வாங்கிய சட்டை இப்போது பட்டன் போட மறுக்கிறது என்று முகம் சுண்டி ஒருத்தர் வந்து நிற்பார். அவரிடம், "நீங்கள் பெருத்துவிட்டீர்கள்" என்று சொல்கிறவள் அந்தத் தொழிலில் நீடிக்க முடியாது. "துணி சுருங்கிடுச்சு சார், இந்த மாதிரித் துணி இப்படித்தான்" என்று சொல்லி, தையலைப் பிரித்து ஒரு விரல் விட்டுக் கொடுத்து, காலரில் அளவு எண் போட்டுத் தைத்திருக்கும் சின்னத் துண்டையும் சத்தமில்லாமல் கத்தரித்துவிட வேண்டும். வந்தவர் சிரித்த முகத்தோடு போவார். அவள் இதை ஒருநாளும் பொய் என்று நினைத்தது கிடையாது. தையலில் இதுவும் ஒரு தையல் என்றுதான் நினைத்தாள்.

உச்சாணிக்கு வாதம் வந்தது ஒரு காலை நேரத்தில், முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது. இடது பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடி, உயிரைப் பிடித்து, வீடு திரும்பியபோது அவருக்குப் பேச்சு இருந்தது, புத்தி இருந்தது, நடையும் ஒரு மாதிரி வந்துவிட்டது. இடது கையும் இடது பாதமும்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "நல்லவேளை, மேல இருக்கறப்ப வரல" என்று ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில், "ஆமா, ரொம்ப நல்லவேளை" என்று அவரே எரிச்சலோடு எடுத்துக்கொடுக்கத் தொடங்கினார்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இரண்டு வாரம் அமுக்கினார். பிறகு ஒரு மத்தியானம், தானே எழுந்து போய் விமானத்தின் முன்னால் உட்கார்ந்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்த விமானம் கம்ப்யூட்டர் விளையாட்டோடு வந்தது இல்லை, தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தது. நிஜ விமானத்தின் குணத்தை அச்சு அசலாகக் காட்டும் என்று திரை விமானம் ஓட்டுகிறவர்கள் வட்டாரத்தில் பெயர் வாங்கியது. அதன் இன்ஜின்கள் சுற்றும் விதத்தில், ஓடத் தொடங்கியதும் மூக்கு வலது பக்கம் இழுக்கும். இடது காலால் மிதித்துத்தான் நேராக்க வேண்டும். அவர் மிதித்தார், அல்லது மிதித்ததாக நினைத்தார். விமானம் வலது பக்கம் ஓடிப் புல்லில் குத்தி நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடியும் புல். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிச் சுவரில் அடித்தார். படுக்கையில் விழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவர்தான், அதற்குப் பிறகு அவர் முதுகைத்தான் அவள் அதிகம் பார்த்தாள். தட்டு போனபடியே திரும்பி வந்தது. ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே, "மேல இருக்கறப்பவே வந்திருக்கலாம்" என்றார்.

மறுநாள் கடையிலிருந்து கேப்டனுக்குப் போன் போட்டாள். கேப்டன் என்பவர் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். வாழ்நாளில் நிஜ விமானத்தில் ஏறியது கிடையாது, ஏறப் பயம். ஆனால் திரை விமானங்களைப் பிரித்து மேய்வதில் மன்னன். உச்சாணிக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே அவர்தான்.

"அண்ணா, அந்த விமானத்தை அவருக்குத் தகுந்த மாதிரி மாத்த முடியுமா? இடது கையும் காலும் அவ்வளவா வேண்டாத மாதிரி?"

"தாராளமா மாத்தலாம் தங்கச்சி. எல்லாம் எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு வரியிலயும் ஒரு பேரு, ஒரு நம்பர். நம்பரை மாத்தினா குணம் மாறும். மொதல்ல முழு ஃபோல்டரையும் ஒரு காப்பி எடுத்துத் தனியா வச்சுக்கோங்க. அதை மட்டும் மறந்துடாதீங்க."

வீட்டுக்காரர் தூங்கும் மத்தியானங்களில், கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் அந்தக் கோப்புகளைத் திறந்தாள். முதலில் தலை சுற்றியது. பிறகு பார்த்தால், இதுவும் அளவுதான். சட்டைக்குத் தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்பதுபோல இதற்கு இறக்கை இவ்வளவு, எடை இவ்வளவு. கேப்டன் ஒரு பக்கம் மாத்திரை எண்ணிக்கொண்டே மறுபக்கம் வரி வரியாகச் சொன்னார். சக்கரம் தரையில் படும் இடத்தின் எண்ணை அவள் ஒருமுறை தப்பாகப் போட்டுவிட, நின்றுகொண்டிருந்த விமானம் தவளை மாதிரி எகிறி வானத்தில் குட்டிக்கரணம் அடித்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அன்றைக்குத்தான்.

மெதுவாகச் சரிக்கட்டினாள். மூக்கு வலது பக்கம் இழுப்பதை ஏறக்குறைய இல்லாமல் செய்தாள். கால் மிதிக்காவிட்டாலும் நேராக ஓடும்படி வைத்தாள். முரட்டுத்தனமாக இறங்கினாலும் சக்கரம் ஒடியாதபடி கெட்டிப்படுத்தினாள். கடைசியாக, கேப்டன் அனுப்பிய ஒரு சின்ன புரோகிராமையும் சேர்த்தாள். இறங்க ஆரம்பித்ததும் அது இன்ஜின் வேகத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். இடது நெம்புகோல்களை எங்கே வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அது வேலை செய்யும்போது திரையில் தெரியும் விமானத்தின் கருவிப் பலகையில் குட்டியாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"அவர்கிட்டச் சொல்லிட்டுத்தானே பண்றீங்க?" என்று கேட்டார் கேப்டன்.

"சொல்றேண்ணா" என்றாள். போனை வைத்துவிட்டு அந்தப் பச்சை விளக்கு எந்த வரியில் இருக்கிறது என்று தேடினாள். கண்டுபிடித்து அந்த வரியை அழித்தாள். சட்டையிலிருந்து அளவுத் துண்டைக் கத்தரிப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

"ஏங்க, கேப்டன் அண்ணன் போன் பண்ணாரு. உங்க விமானத்துக்கு ஏதோ புது அப்டேட் வந்திருக்காம். ஓட்டிப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லணுமாம்."

"எனக்கு வேணாம்."

"அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? எனக்காக ஒரே ஒரு தடவை."

வேண்டாவெறுப்பாக எழுந்து வந்து உட்கார்ந்தார். விமானம் ஓடுபாதையில் நூல் பிடித்த மாதிரி ஓடிக் கிளம்பியது. அவர் முதுகு நிமிர்ந்ததை அவள் பின்னால் நின்று பார்த்தாள். ஒரு வட்டம் அடித்துவிட்டு இறக்கினார். சக்கரம் பட்ட சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. "வந்துடுச்சும்மா. கை வந்துடுச்சு" என்றார். அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு உயிர் வந்தது. உச்சாணி தட்டைக் காலி செய்தார், தானே முகம் மழித்துக்கொண்டார், கேப்டனைப் போனில் வம்புக்கு இழுத்தார். கேப்டனும் பழைய நண்பன் சந்தோஷமாகப் பேசுகிறான் என்று பேசினாரே தவிர, விமானத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பட்டன்களுக்கு அடியில் அவள் ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்திருந்தாள். மேலே பட்டன் மாதிரி தெரியும், அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும். அதையும் அவர் ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொண்டார். உடம்பு தேறுகிறது, போகப் போகக் கையும் நிஜமாகவே வந்துவிடும், அப்போது கொஞ்சம் கொஞ்சமாக எண்களைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று அவள் மனக்கணக்குப் போட்டாள்.

ஆனால் கை வரவில்லை. கை வந்துவிட்டது என்று நம்பினவர் ரப்பர் பந்தை ஏன் தொடப்போகிறார்? பிசியோதெரபிப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். காபி டம்ளர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தபோது, "எண்ணெய்ப் பிசுக்கா வச்சிருக்கே" என்று பழியை அவள் மேலேயே போட்டார். அவள் தரையைத் துடைத்துக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தாள். விரல்கள் முன்பைவிட மடங்கிக் கிடந்தன. இது எங்கே போய் முடியுமோ என்று பயந்தாள்.

அது போய் முடிந்த இடம் ஒரு சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது.

"சைட் சூப்பர்வைசர்கிட்டப் பேசிட்டேன். ஆபரேட்டர் கிடைக்காம அல்லாடுறாங்களாம். திங்கக்கிழமை வந்து ஒரு ரவுண்டு ஏறிப் பாருங்க, சரியா இருந்தா டாக்டர் சர்டிஃபிகேட்டுக்கு ஏற்பாடு பண்ணிக்கலாம்னாரு."

கிரேனின் நீண்ட இரும்புக் கையைச் சுழற்றுவது இடது கை நெம்புகோல்தான் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அவர் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கதைதான். அதைச் சுழற்றும்போது அரை நொடி தடுமாறினால் கொக்கியில் தொங்கும் கம்பிக் கட்டு ஊஞ்சலாடும். கீழே கொக்கி மாட்டுகிற ஆட்கள் நிற்பார்கள்.

"இன்னும் ஒரு மாசம் போகட்டுமே."

"எதுக்கு? ரெட்டை இன்ஜினை எதிர்க்காத்துல பஞ்சு மாதிரி இறக்கறேன். ஒரு கொக்கியை இறக்க மாட்டேனா? நீதான் தெனமும் பாக்கறியே!"

தினமும் பார்க்கிறவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

கேப்டனிடம் போனில் சொன்னபோது அவர் அதிர்ந்துவிட்டார். "ஐயோ தங்கச்சி, அவர்கிட்டச் சொல்லவே இல்லையா? கீழ ஆளுங்க நிப்பாங்கம்மா! நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேண்ணா."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

ஒன்றும் சொல்லாமல் பழைய ஃபோல்டரைத் திருப்பி வைத்துவிட்டால் என்ன என்று ஒரு குறுக்கு யோசனையும் வந்தது. விமானம் புல்லில் குத்தும், தானாகவே புரிந்துகொண்டு கிரேன் ஆசையை விட்டுவிடுவார். மௌஸில் கைகூட வைத்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. வந்த கை மறுபடி போய்விட்டது என்றல்லவா நினைப்பார்! இரண்டாவது தடவையும் வாதம் வந்துவிட்டது என்று அந்த நாற்காலியிலேயே இடிந்துபோவார். ஒரு பொய்யை மறைக்க அவரைச் சாகடிக்கவும் துணிந்துவிட்டோமே என்று தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் விமானத்தை இறக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். திரையில் ஓடுபாதை தூரத்தில் தெரிந்தது. அவள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, இடது கையை எடுத்து மடியில வைங்க."

"என்னது?"

"நெம்புகோல்லேருந்து கையை எடுங்க. காலையும் மிதியிலேருந்து எடுத்துடுங்க."

"பைத்தியமா உனக்கு? விழுந்துடும்."

"விழாது" என்றாள். "எடுத்துத்தான் பாருங்களேன்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு இடது கையை இழுத்து மடியில் போட்டார். காலை மிதியிலிருந்து தரைக்கு நகர்த்தினார். வலது கை மட்டும் கைப்பிடியில் இருந்தது. விமானம் வேகத்தைத் தானே கூட்டியது, தானே குறைத்தது. காற்று பக்கவாட்டில் அடித்தும் மூக்கு அசையவில்லை. ஓடுபாதை கிட்டே வந்தது, சக்கரம் மெதுவாகத் தொட்டது, விமானம் நடுக்கோட்டிலேயே நேராக ஓடி நின்றது. அவர் இறக்கியதிலேயே அழகான இறக்கம் அதுதான்.

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"தானா ஓட்டுற சாமான் எது இருந்தாலும் அதுக்குன்னு ஒரு விளக்கு இருக்கும்" என்றார் திரையைப் பார்த்துக்கொண்டே. "இல்லேன்னா ஓட்டுறவன் தான்தான் ஓட்டுறோம்னு நெனச்சுக்குவான். அந்த விளக்கு எங்க?"

"நான்தான் எடுத்துட்டேன்."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து. நீங்க சுவத்தைப் பாத்தே படுத்திருந்தீங்க. சாப்பிடல. மேல இருக்கறப்பவே வந்திருக்கலாம்னு சொன்னீங்க. எனக்கு வேற வழி தெரியலங்க."

"சட்டையில ஒட்டுப் பட்டை வச்சிருக்கியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போட்ட அன்னிக்கே தெரியும். பாவம், ஆசையா தச்சிருக்கான்னு பேசாம இருந்தேன். சட்டை பொய் சொன்னா ஒருத்தனும் சாக மாட்டான்." அவர் திரையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். "நாளைக்கு மேல ஏறியிருப்பேன். கீழ கொக்கி மாட்டுற பசங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்ச பசங்க. என் பேரைச் சொல்லிக் கையாட்டிட்டு அடியில நின்னிருப்பானுங்க."

அவள் கீழேயே உட்கார்ந்து அழுதாள். அவர் தேற்றவில்லை. வலது கையால் போனை எடுத்து, சூப்பர்வைசரை அழைத்து, "நாளைக்கு நான் வரல சார். கை சரியாகல. இல்ல சார், சரியாகவே இல்ல. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார். "நான்தான்" என்று அவர் சொன்னது அவளை அறைந்ததைவிட வலித்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு அறுந்துபோனது. தட்டை வைத்தால் சாப்பிட்டார், கேட்டால் தலையசைத்தார், அவ்வளவுதான். சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். அதுவும் எத்தனை நாளைக்கோ என்று பயந்துகொண்டே வேலைக்குப் போய் வந்தாள். கடையில் வழக்கம்போல, "துணி சுருங்கிடுச்சும்மா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சொல்லும்போதெல்லாம் நாக்கில் கசந்தது. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது பிசியோதெரபிப் பெண்ணின் செருப்பு வாசலில் கிடந்தது. அவர்தான் போன் பண்ணி வரச் சொன்னாராம்.

அந்தப் பெண் போன பிறகு அவர் அவளைக் கூப்பிட்டார். பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, வழக்கம்போல, "இங்க வா" என்றுதான்.

"பழைய காப்பி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"திருப்பிப் போடு. ஒரு நம்பர் பாக்கி இல்லாம."

அவள் போட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினார். விமானம் ஓடத் தொடங்கியதும் மூக்கு வலது பக்கம் இழுத்தது, பாதையை விட்டு விலகிப் புல்லில் குத்தி நின்றது. இரண்டாவது தடவையும் அதேதான். ஹெட்போன் எந்த நேரமும் பறந்து வரும் என்று அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடுபாதையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் விமானத்தை நிறுத்தினார்.

"எனக்கு உணர்ச்சி சரியா இல்ல. மிதிக்கற மாதிரியே இருக்கு, மிதிக்கறேனா இல்லையான்னு தெரியல" என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "நீ கீழ உக்காரு. திரையைப் பாக்காதே, என் இடது காலை மட்டும் பாரு. மிதிக்குதா இல்லையான்னு உள்ளதைச் சொல்லு."

அவள் மேஜைக்கு அடியில் குனிந்து, தரையில் உட்கார்ந்தாள். மிதியின் மேல் அந்தப் பாதம் இருந்தது. நகம் வளர்ந்து, தோல் வெளுத்துப்போயிருந்தது. மேலே இன்ஜின்கள் உறுமத் தொடங்கின.

"இப்ப மிதிக்குதா?" என்று கேட்டார்.

கால் மிதியின் மேலேயே கிடந்தது. விரல் ஒன்றுகூட அசையவில்லை. ஆமாம் என்று சொல்ல அவள் வாய் தானாகவே திறந்தது. அவர் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது.

"மிதிக்கலைங்க" என்றாள்.

"சரி" என்றார் அவர். "பாத்துக்கிட்டே இரு."